பேப்பர்ல டோம் கட்டப் போறீங்களா? நான் பட்டதைப் படிச்சுட்டு ஆரம்பிங்க

பேப்பர்ல ஜியோடெசிக் டோம் செய்யலாம்னு யாராவது யோசிச்சுக்கிட்டு இருந்தா, கத்தரிக்கோலை எடுக்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சுடுங்க. போன மழைக்காலத்துல என் பையனோட ஸ்கூல் கண்காட்சிக்காக நான் ஒருத்தியா உக்காந்து செஞ்சேன். கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபா போச்சு, தூக்கம் போச்சு, இடுப்பு வலி இன்னும் முழுசா விடல. அப்போ யாராவது ரெண்டே ரெண்டு விஷயத்தை எனக்குச் சொல்லியிருந்தா பாதிக் காசாவது மிஞ்சியிருக்கும். ஒண்ணு, டோம்ல இருக்குற முக்கோணம் எல்லாம் ஒரே அளவு கிடையாது. ரெண்டு, நம்ம டெல்டாவுல ஐப்பசி கார்த்திகையில பேப்பர் இன்னிக்கு இருக்குற அளவுல நாளைக்கு இருக்காது. இந்த ரெண்டையும் நான் காசு கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன், நீங்க சும்மா எடுத்துக்கோங்க.

எங்க ஊரு மாயவரம் பக்கம். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்கார், வீட்ல நானும் அத்தையும் பையனும்தான். நான் பிஎஸ்சி மேத்ஸ் முடிச்சுட்டு சாயங்காலம் புள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குறேன். பையன் எட்டாவது. ஸ்கூல்ல ஆளுக்கு ஒரு மாடல்னு பிரிச்சுக் கொடுத்தப்போ இவனுக்கு டோம் வந்துச்சு. "அம்மா, ஒரு ஆளு உள்ள உக்கார்ற மாதிரி பெருசா ஒண்ணு, மேஜை மேல வெக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு, ரெண்டும் பேப்பர்லயே இருக்கணும்னு மிஸ் சொன்னாங்கம்மா"ன்னு வந்து நின்னான். எனக்கு அப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு, கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம்தானே, நாமளே பாத்துக்கலாம்னு தோணுச்சு. கேக்குறதுக்குத்தான் ஊர்ல ஒரு ஆள் இல்ல. செஞ்சு பாத்தவங்க யாரையும் எனக்குத் தெரியாது. வீடியோ எல்லாம் ஓடுது, ஆனா எல்லாத்துலயும் வெட்டுறதைக் காட்டிட்டு டக்குனு முடிஞ்ச டோமைக் காட்டிடறாங்க, நடுவுல என்ன பாடுன்னு யாரும் சொல்றதில்ல.

இதைப் பத்தி தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஜியோடெசிக் டோம்னா முக்கோணங்களை மட்டுமே சேத்து உருண்டை மாதிரி கொண்டு வர்ற கூரை. 1920கள்ல ஜெர்மனியில யேனாங்கற ஊர்ல, கோளரங்கத்துக்காக வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட்ங்கறவர் முதல்ல இப்படி ஒண்ணு கட்டுனார். அப்புறம் அமெரிக்காவுல பக்மின்ஸ்டர் ஃபுல்லர் இதை எடுத்து வளத்து 1954ல பேட்டன்ட் வாங்குனார், உலகம் முழுக்க பரவுனது அவராலதான். 1967ல கனடாவுல நடந்த மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில அமெரிக்காவுக்காக அவர் கட்டுனது 76 மீட்டர் அகலம், 62 மீட்டர் உயரம், நடுவுல ஒரு தூண் கிடையாது. 1985ல கண்டுபிடிச்ச சி60ங்கற கார்பன் மூலக்கூறு இதே சாயல்ல இருக்குன்னுதான் அதுக்கு ஃபுல்லர் பேரையே வெச்சாங்க, அதைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 1996ல நோபல் கிடைச்சுது. பையன் இதையெல்லாம் மனப்பாடமா ஒப்பிச்சுட்டான். செய்யுறதுதான் என் தலையில.

முதல்ல, நேரம் மிச்சம் ஆகட்டும்னு ஆன்லைன்ல ஒரு ரெடிமேட் அட்டை கிட் ஆர்டர் பண்ணேன், 1,150 ரூபா. நாப்பது முக்கோணம், ஓரத்துல மடிக்கிற ஃபிளாப் எல்லாம் வெட்டியே வந்துச்சு, பாக்க அவ்ளோ நேர்த்தி. பையனும் நானும் ஹால்ல பாய் விரிச்சு உக்காந்து ஒட்ட ஆரம்பிச்சோம். அஞ்சு முக்கோணம் ஒரு முனையில சேத்தா கூம்பு மாதிரி நல்லா தூக்கிக்கிட்டு நிக்குது. அடுத்த முனையில ஆறு சேக்கணும்னு கிட்டோட வந்த செய்முறைத் தாள்ல போட்டிருக்கு, சேத்தா தரையோட தரையா படுத்துருச்சு. திரும்பப் பிரிச்சு ஒட்டுனேன், அதே கதை. அத்தை கட்டில்ல இருந்து எட்டிப் பாத்துட்டு "என்னம்மா, குடிசை கட்டுறேன்னுட்டு கோலம் போட்டு வெச்சிருக்க"ன்னு கேட்டாங்க. அப்போதான் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு முக்கோணமா அளந்து பாத்தேன். நாப்பதும் ஒரே அளவு, நாப்பதும் சமபக்கம். சமபக்க முக்கோணத்துல ஒவ்வொரு கோணமும் 60 டிகிரி, ஆறு சேந்தா 360, அது தட்டையாத்தான் கிடக்கும், வேற வழியே இல்ல. எவ்வளவு நல்லா ஒட்டுனாலும் அந்த கிட்ல உருண்டை வராது, பெரிய பெரிய தட்டைப் பக்கம் வெச்ச ஒரு பொட்டி மாதிரிதான் வரும். வித்தவங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்புனேன், ஒட்டிப் பாத்துட்டதால திருப்பி எடுக்க முடியாதுன்னு ஒரு வரி பதில், அதுக்கப்புறம் பேச்சே இல்ல. அந்த ராத்திரி எனக்கு வந்த கோவத்தை யாருகிட்ட காட்டுறதுன்னு தெரியல. வீட்டுக்காரருக்கு போன் போட்டா அங்க ஷிஃப்ட் நேரம்.

அதனால முதல் விஷயம் இது. கிட் வாங்குனாலும் சரி, பிடிஎஃப் டவுன்லோட் பண்ணாலும் சரி, ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க. எளிமையான டோமை 'டூ வி'ன்னு (2V) சொல்வாங்க, அதுலயே முக்கோணப் பக்கம் ரெண்டு நீளத்துல இருக்கணும். ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை. குட்டைக்கு டோமோட ஆரத்தை 0.5465ஆல பெருக்கணும், நெட்டைக்கு 0.618ஆல பெருக்கணும், அவ்ளோதான் கணக்கு. ஆரம் 20 சென்டிமீட்டர்னா குட்டை 10.93, நெட்டை 12.36. டோம் 40 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் வரும், மேஜைக்கு சரியா இருக்கும். முக்கோணம் ரெண்டு வகை. மூணு பக்கமும் நெட்டையா இருக்குறது 10, ரெண்டு குட்டை ஒரு நெட்டை இருக்குறது 30. ரெண்டாவது வகையில குட்டையும் குட்டையும் சேர்ற கோணம் கிட்டத்தட்ட 68.9 டிகிரி, மத்த ரெண்டும் 55.6. இப்போ ஆறு சேர்ற முனையில என்ன ஆகுதுன்னு பாருங்க, ரெண்டு 60, நாலு 55.6, கூட்டுனா 342 சொச்சம். 360க்கு 18 டிகிரி குறையுது, அந்தக் குறைதான் பேப்பரை மேல தூக்கி வளைக்குது. அந்த ஒண்ணரை சென்டிமீட்டர் கூட இல்லாத வித்தியாசத்துலதான் முழு டோமும் நிக்குது. இதைப் போட்டுப் பாத்து விடை வந்தப்போ, ராத்திரி பதினோரு மணி இருக்கும், எழுந்திரிச்சு பையனை எழுப்பிச் சொல்லணும் போல இருந்துச்சு, அவ்ளோ சந்தோஷம்.

அளவு கிடைச்சுருச்சு, இனி பிரின்ட் எடுத்து வெட்ட வேண்டியதுதானேன்னு கம்ப்யூட்டர்ல வரைஞ்சு பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில முப்பது முக்கோணத்துக்கான பக்கம் கெட்டிப் பேப்பர்ல பிரின்ட் ஆச்சு, அதோட கரண்ட் போச்சு. மிச்சத்தை அடுத்த நாள் வேற கடையில எடுத்தேன். வெட்டி, மடிச்சு, ஒட்டிப் பாத்தா நெட்டையோட நெட்டை சேரவே மாட்டேங்குது, ஒரு பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது. திரும்ப அளந்தா ரெண்டாவது கடையில எடுத்ததெல்லாம் கொஞ்சம் சின்னது. அங்க இருந்த தம்பி "அக்கா, ஓரம் கட் ஆயிடும்னு ஃபிட் டு பேஜ் போட்டேன், எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்"னான். அவன் மேல என்ன தப்பு, ஹால் டிக்கெட்டும் ஆதாரும் பிரின்ட் போடுற கடை, அங்க ரெண்டு மில்லிமீட்டர் குறைஞ்சா யாருக்கும் நஷ்டம் இல்ல. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தா கூட பிரச்சினை இல்ல, டோம் கொஞ்சம் சின்னதா வந்திருக்கும், அவ்வளவுதான். பாதி சுருங்கி பாதி சுருங்காம இருந்தாத்தான் எல்லாம் கெடும். அதனால எல்லாப் பக்கத்தையும் ஒரே கடையில, ஒரே நேரத்துல, "ஆக்சுவல் சைஸ்"னு வாய்விட்டுச் சொல்லி எடுங்க. ஒவ்வொரு பக்கத்து மூலையிலயும் சரியா 10 செ.மீ. கோடு ஒண்ணு வரைஞ்சு வெச்சுட்டா கடையிலயே ஸ்கேல் வெச்சு சரி பாத்துடலாம், வீட்டுக்கு வந்து அழ வேண்டியதில்ல.

அதுக்கப்புறம் நான் பிரின்ட்டே வேண்டாம்னு விட்டுட்டேன். கையில வரையுறதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, அது தெரிஞ்சதும் பாதி பாரம் இறங்குன மாதிரி ஆச்சு. முப்பது முக்கோணத்தைத் தனித்தனியா வெட்டவே வேண்டாம். அஞ்சு அஞ்சா சேத்து ஆறு தொப்பி, அதுக்கு நடுவுல பத்து சமபக்க முக்கோணம், மொத்த டோமும் இவ்வளவுதான். ஒரு தொப்பிக்கு, காம்பஸ்ல 10.93 செ.மீ. ஆரத்துக்கு ஒரு வட்டம் போடுங்க, ஸ்கூல் காம்பஸ்ல அவ்வளவு விரியலைன்னா அட்டைப் பட்டையில ரெண்டு ஓட்டை போட்டு சுத்துங்க. அந்த வட்டத்து மேலயே 12.36 அளவெடுத்து அஞ்சு தடவை அடுத்தடுத்து குறிங்க, மையத்துல இருந்து ஒவ்வொரு குறிக்கும் கோடு இழுங்க. அஞ்சு முக்கோணம் வரைஞ்சு முடிச்சப்புறம் ஒரு ஒல்லியான சந்து மிஞ்சும், 16 டிகிரி கிட்ட. அதை வெட்டி எறியாதீங்க, அதுதான் ஒட்டுற ஃபிளாப். அதை உள்ள மடிச்சு ஒட்டுன உடனே தொப்பி தானா எழும்பி நிக்கும். சுத்தி வெளி விளிம்புல ஒரு செ.மீ. ஃபிளாப் விட்டு வெட்டுங்க, அதோட ரெண்டு முனையையும் சாய்வா நறுக்கிடுங்க, இல்லேன்னா பக்கத்து ஃபிளாப்போட இடிக்கும். 70க்கு 56 செ.மீ. சார்ட் ஒண்ணுல தாராளமா நாலு தொப்பி வரும்.

இப்போ பேப்பர் விஷயம். நான் அதிகமா நொந்தது இதுலதான். கடையில சுருட்டி வெச்சிருக்குற சாதாரண சார்ட் வாங்குனேன், மழை வேற பிடிச்சுக்கிச்சு. நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை வந்தா எப்படி இருக்கும்னு தெரியும்ல, சம்பா வயல்ல தண்ணி நிக்கும், வீட்டுச் சுவரு கசியும், அப்பளம் நமுத்துப் போகும், பேப்பர் மட்டும் என்ன பண்ணும். சாயங்காலம் அளந்து வெட்டி அடுக்கி வெச்சுட்டுப் படுத்தா, காலையில ஒவ்வொண்ணும் ஒரு பக்கமா சுருண்டிருந்துச்சு, அளந்தா நீளமும் மாறியிருந்துச்சு. அதுலயும் ஒரே முக்கோணத்துல ஒரு பக்கம் கூடியிருக்கு, இன்னொரு பக்கம் அப்படியே இருக்கு. ரொம்ப நாளைக்கு நான் சரியா வெட்டலையோன்னு என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். அது இல்ல. பேப்பர்ல நார் ஒரு திசையில ஓடும். ஈரம் பட்டா அந்த நார் நீளவாக்குல அவ்வளவா நீளாது, குறுக்குவாக்குலதான் ஊதும். அதனால ஒவ்வொரு முக்கோணத்தையும் சார்ட்ல எப்படி எப்படியோ திருப்பி வெச்சு வெட்டுனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளரும். ஒரு துண்டுல ஒரு மில்லிமீட்டர் பெருசா தெரியாது, ஆனா சுத்தி ஒட்டிக்கிட்டே வந்து கடைசித் துண்டை வெக்கிறப்போ ஒரு விரக்கடை இடைவெளி வந்து நிக்கும்.

நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்குறது சுலபம். தாளை மடிக்காம லேசா வளைச்சுப் பாருங்க, ஒரு பக்கம் சுலபமா வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமா வளையுறப்போ எந்தக் கோட்டைச் சுத்தி வளையுதோ, அந்தக் கோட்டு வாக்குலதான் நார் இருக்கு. கிழிச்சுப் பாத்தாலும் தெரியும், நார் வாக்குல நேரா கிழியும், குறுக்கே கோணலா போகும். தெரிஞ்சதும் எல்லா சமபக்க முக்கோணத்தையும் ஒரே திசையில வெச்சு வரைங்க. தொப்பியில அஞ்சு திசையும் வந்துடும், அதை ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா ஒரே தாள்ல இருக்குறதால அதுங்க ஒண்ணோட ஒண்ணு அனுசரிச்சுக்கும். சுருட்டி விக்கிற சார்ட்டை விட்டுட்டு, தட்டையா அடுக்கி வெச்சிருக்குற 250, 300 ஜிஎஸ்எம் (தாளோட கனத்தைச் சொல்ற அளவு) ஐவரி போர்டு கேட்டு வாங்குங்க, பத்திரிகை அடிக்கிற பிரஸ் பக்கம் இருக்குற கடையில கிடைக்கும், கும்பகோணத்துல தேடி வாங்கியாந்தேன். வெட்டுன துண்டை வெளிய விடாதீங்க. பட்டுப்புடவை வர்ற பிளாஸ்டிக் கவர் இருக்கும்ல, அதுல போட்டு, மேல கனமான டிக்‌ஷனரியோ அம்மிக்குழவியோ வெச்சு, ஒட்டுறப்போ மட்டும் எடுங்க. வெட்டுறதும் ஒட்டுறதும் ஒரே நாள்ல முடிச்சுட்டா இன்னும் நல்லது, பேப்பருக்கு மாறுறதுக்கு நேரமே கிடைக்காது.

பசையிலயும் இதே ஈரம்தான் எதிரி. வெள்ளை கம்முல தண்ணி இருக்கு, தாராளமா தடவுனா ஃபிளாப் ஊறி அலை அலையா நிக்கும். பழைய ஏடிஎம் கார்டு விளிம்புல தொட்டு மெல்லிசா இழுத்து விட்டு, துணி காயப்போடுற கிளிப்பால பிடிச்சு வெச்சா போதும். மடிப்புக்கு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் ஓரமா அழுத்தி ஒரு கோடு இழுத்துட்டு மடிங்க, கத்தியால கீறாதீங்க, மழைக்காலத்துல கீறுன இடம் நாரா பிரியும். ஒட்டுற வரிசை, மேல ஒரு தொப்பி, அதோட அஞ்சு விளிம்புலயும் அஞ்சு சமபக்க முக்கோணம், அந்த முக்கோணங்களுக்கு நடுநடுவுல அஞ்சு தொப்பி, கடைசியா அடியில அந்தத் தொப்பிகளுக்கு இடையில மிச்ச அஞ்சு முக்கோணம். இப்படிச் செஞ்சா அடி விளிம்பு பத்துப் பக்கமா, மேஜையில தட்டையா உக்காரும். சின்ன டோம் இந்த விதத்துல ஒரு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சுது. அதை விளக்கு மாடத்துப் பக்கத்துல வெச்சுட்டு நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன், உண்மையா சொல்றேன், பெத்த புள்ளையைப் பாக்குற மாதிரி இருந்துச்சு.

அடுத்தது பெரிசு. இதுக்கு அட்டை சரிப்படாது, நியூஸ்பேப்பரைக் குழாயா சுருட்டி கம்பு மாதிரி செய்யணும். ஆரம் ஒரு மீட்டர், அப்போ குட்டை 54.7 செ.மீ., நெட்டை 61.8 செ.மீ., இது ரெண்டு முனையிலயும் போல்ட்டு மாட்டப் போடுற ஓட்டைக்கு ஓட்டை அளவு. ரெண்டு முனையிலயும் ஓட்டைக்கு அப்புறம் ரெண்டு செ.மீ. விடணும், அதனால வெட்டுற நீளம் 58.7, 65.8. குட்டை 30, நெட்டை 35, மொத்தம் 65 குழாய், சேர்ற முனை 26. பழைய பேப்பர் கடையில நாலஞ்சு கிலோ வாங்குனா போதும். ரெட்டைப் பக்கத் தாள் மூணை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்கு குறுக்கா சுருட்டணும், நேரா சுருட்டுனா நடுவுல ஒடியுது. சுருட்ட பழைய குடையோட நடுக்கம்பி அருமையா உதவுச்சு. கம்பு எவ்வளவு ஒல்லியோ குழாய் அவ்வளவு கெட்டியா வரும், விளக்குமாத்துக் கட்டை மாதிரி தடியான கம்புல சுருட்டுனது எல்லாம் கையில அமுங்கிப் போச்சு. பழைய பேப்பர் கடைக்காரர் கொடுத்தது நமுத்துப்போன கட்டு, சுருட்டச் சுருட்ட தளர்ந்துச்சு. ஒவ்வொரு தாளையும் இஸ்திரிப் பெட்டியில லேசான சூட்டுல தேச்சுட்டு உடனே சுருட்டுனப்போதான் நின்னுச்சு. அந்த மாசம் கரண்ட் பில்லும் கூட வந்துச்சு, அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

முனையை மூணு செ.மீ. தட்டி சப்பையாக்கி, சுத்தி பிரவுன் டேப் ஒட்டி, அப்புறம்தான் ஓட்டை போடணும். டேப் ஒட்டாம ஓட்டை போட்டா இழுக்குறப்போ கிழிஞ்சுக்கிட்டு வந்துடும். ஆபீஸ் பஞ்ச்சிங் மெஷின் இதுக்குள்ள இறங்காது, செருப்பு தைக்கிறவங்க வெச்சிருக்குற குத்தூசிதான் சரி. முதல்ல ஸ்டேப்ளர் அடிச்சுப் பாத்தேன், ஆறு குழாய் சேர்ற இடத்துல பின் பத்தவே இல்ல, பாதி ஏறுனதும் தானா விரிஞ்சு விழுந்துச்சு, அந்தச் சத்தத்துக்கு அத்தை பதறி எழுந்து வந்துட்டாங்க. அப்புறம் ஹார்டுவேர் கடையில ரெண்டு இஞ்ச் ஒல்லி போல்ட்டு 26, வாஷர் 52 வாங்குனேன், போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் வாஷர் கட்டாயம், இல்லேன்னா நட்டு பேப்பருக்குள்ள புதைஞ்சுடும். சுருட்டி முடிச்சதும் குட்டை முனையில சிவப்பு, நெட்டை முனையில நீலம் ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்டுடுங்க. ஏழு செ.மீ. வித்தியாசம் கையில இருக்குறப்போ தெரியாது, மாத்தி ஒண்ணு மாட்டுனாலும் மேல போகப் போக ஒரு பக்கம் சாயும், எங்க மாறுச்சுன்னு தேடுறதுக்குள்ள உசுரு போயிடும்.

ஏத்துற வரிசையை விவரமா சொல்றேன், எனக்கு இது எங்கயும் ஒழுங்கா கிடைக்கல. தரையில பத்து நெட்டையை வட்டமா போட்டு மாட்டுங்க. ஒவ்வொரு நெட்டை மேலயும் ஒரு முக்கோணம், முதல்ல ரெண்டு குட்டை, அடுத்ததுக்கு ரெண்டு நெட்டை, இப்படி மாத்தி மாத்தி. அந்தப் பத்து முக்கோண உச்சியையும் பத்து குட்டையால சுத்தி இணைங்க. இப்போ ரெண்டாவது வளையம் வந்துடும். அதுல குட்டை முக்கோணத்தோட உச்சியில இருந்து ஒரு குட்டை மேல போகணும், நெட்டை முக்கோணத்தோட உச்சியில இருந்து ரெண்டு நெட்டை மேல போகணும், இதெல்லாம் மூணு மூணா அஞ்சு இடத்துல சந்திக்கும். அந்த அஞ்சையும் அஞ்சு நெட்டையால வளையமா கட்டுங்க, கடைசியா அஞ்சு குட்டை உச்சியில சேரும். ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க, கடைசிக் குழாய் மாட்டுற வரைக்கும் அது தொளதொளன்னுதான் இருக்கும், ஆடும், சாயும், விழுந்துடும்னு தோணும். நட்டு எல்லாத்தையும் முதல்லயே இறுக்காதீங்க, முழுசா ஏத்துன அப்புறம் கீழ இருந்து ஒரு சுத்து இறுக்கிட்டு வாங்க. ஒருத்தியா செஞ்சதால நான் நடுவுல ஒரு ஸ்டூலைப் போட்டு, அதுக்கு மேல தலையணை அடுக்கி முட்டுக் கொடுத்தேன். கூட ஒரு ஆள் இருந்தா இந்தக் கஷ்டம் வேண்டாம், பக்கத்து வீட்ல கேளுங்க, கூச்சப்படாதீங்க. நான் கூச்சப்பட்டுத்தான் கழுத்தைச் சுளுக்கிக்கிட்டேன்.

உச்சிப் போல்ட்டை இறுக்கிட்டு ஸ்டூலை உருவுனப்போ அது நின்னுச்சு. கையை வெச்சு அழுத்துனேன், லேசா அமுங்கி திரும்ப வந்துச்சு. பழைய நியூஸ்பேப்பர்தான், ஆனா பாரத்தை ஒரு இடத்துல தாங்காம எல்லாக் குழாய்க்கும் பிரிச்சுக் கொடுத்துடுது. பையன் நாலு குழாயைச் சதுரமா மாட்டித் தள்ளிக் காட்டுவான், சாஞ்சுடும், மூணை முக்கோணமா மாட்டித் தள்ளுவான், அசையாது, கண்காட்சியில எல்லாருக்கும் பிடிச்சது அந்த ரெண்டு நிமிஷ விளக்கம்தான். உங்க புள்ளைங்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்க, பெரிய பெரிய வாக்கியம் எதுவும் வேண்டாம்.

எங்க ஹால்ல ஏத்துனது வாசக்கால் வழியா வெளிய போகாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும், ரெண்டு மீட்டர் அகலம். அதனால திரும்பப் பிரிச்சு, குழாயைக் கட்டா கட்டி வெச்சேன். அதுக்குள்ள கனமழை, மாவட்டத்துல ஸ்கூல் லீவுன்னு அறிவிச்சுட்டாங்க, கண்காட்சி தள்ளிப் போச்சு, தள்ளிப் போனது இன்னும் தள்ளிப் போச்சு. பிரிச்சு எடுத்துப் பாத்தா குழாய் முக்கால்வாசி நமுத்து, நடுவுல அமுங்கியிருந்துச்சு. சமையல்கட்டுல உக்காந்து அழுதேன், பையன் பாக்கக் கூடாதுன்னு. அத்தைதான் வந்து "அழுது என்னம்மா ஆகப்போவுது, கொண்டா நானும் சுருட்டறேன்"னு பக்கத்துல உக்காந்தாங்க, கெட்டுப் போனதை எல்லாம் ரெண்டு பேருமா திரும்பச் சுருட்டுனோம். இந்தத் தடவை முழு நீளத்துக்கும் பிரவுன் டேப்பைச் சுத்தி, அப்புறம் பெரிய குப்பைக் கவர்ல போட்டு வாயைக் கட்டி வெச்சேன், அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகல. முதல்லயே அப்படிச் செஞ்சிருந்தா டேப்புக்கு முன்னூறு ரூபாயோட முடிஞ்சிருக்கும். மழைக்காலத்துல செய்யுறவங்க, தேதி தள்ளிப் போகும்னு வெச்சுக்கிட்டே செய்ங்க, எப்படியும் தள்ளிப் போகும்.

கண்காட்சி அன்னிக்கு காலையில சீக்கிரமே போய் அங்கேயே ஏத்துனோம். டோமுக்குள்ள சீரியல் பல்பு போடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, நான் ஒத்துக்கல. மான்ட்ரியல் டோமுக்கே 1976ல தீப்பிடிச்சு மேல போர்த்தியிருந்த அக்ரிலிக் முழுசும் எரிஞ்சு போச்சு, இரும்புச் சட்டம்தான் மிஞ்சுச்சு. இங்க சட்டமே பேப்பர். வெளிச்சம் வேணும்னா பேட்டரியில எரியுற சின்ன எல்இடி போடுங்க, சூடு ஆகுற பல்பு, விளக்கு, மெழுகுவத்தி எதுவும் உள்ள போகவே கூடாது, புள்ளைங்க உள்ள உக்கார்றாங்க.

செலவுக் கணக்கு கேக்குறவங்களுக்கு, வீணாப் போன கிட் 1,150, ரெண்டு கடை பிரின்ட் நானூத்தி சொச்சம், கெட்டுப்போன சார்ட்டும் திரும்ப வாங்குன போர்டும் எழுநூறு கிட்ட, மிச்சம் போல்ட்டு, வாஷர், டேப், பழைய பேப்பர், ஆட்டோ. இப்போ இதே ரெண்டு டோமையும் செய்யச் சொன்னா ஆயிரத்து இருநூறுக்குள்ள முடிச்சுடுவேன், அதுல பாதி போல்ட்டும் வாஷரும், அது அடுத்த வருஷத்துக்கும் ஆகும். வேற அளவுல செய்யணும்னா உங்க ஆரத்தை அந்த ரெண்டு எண்ணால பெருக்கிக்கோங்க. இன்னும் உருண்டையா வரணும்னு எடுத்த எடுப்புல த்ரீ விக்கு (3V, இன்னும் சின்னச் சின்ன முக்கோணமா பிரிச்ச டோம்) போயிடாதீங்க, அதுல மூணு நீளம் வரும், முழு உருண்டையில எட்டுல அஞ்சு பங்குன்னு சொல்ற அளவுல செஞ்சா 165 குழாய், அடியும் சாதாரணமா தட்டையா உக்காராது, சில முனை தூக்கிக்கிட்டு நிக்கும், தரையில உக்காரவெக்க நீளங்களைக் கொஞ்சம் மாத்தணும். டூ வியை ஒரு தடவை நல்லா செஞ்சு பாத்துட்டு, தை பொறந்து வெயில் வந்தப்புறம் அதுக்குப் போங்க.